கணினியைக் காவல்துறை கைப்பற்றினால்: எதைக் கேட்பது, எதை எழுதி வாங்குவது

ஒருவரது மடிக்கணினியைக் காவல்துறை எடுத்துச் செல்லும்போது அலுவலகக் கோப்புகள், குடும்பப் படங்கள், வங்கி விவரங்கள், பல ஆண்டு மின்னஞ்சல்கள், எவரிடமும் காட்டாத குறிப்புகள் எல்லாம் அதனுடன் சேர்ந்தே போய்விடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. இழப்பவரும் எப்போதும் குற்றம் சாட்டப்பட்டவராக இருப்பதில்லை. ஒரே வைஃபையைப் பயன்படுத்தும் அறைத்தோழர், வழக்கில் சிக்கிய நிறுவனத்தின் கணக்காளர், செய்தி எழுதிய நிருபர், சந்தேக நபரின் மனைவி என எவர் வீட்டுக் கதவும் தட்டப்படலாம். சட்டம் படிக்காதவர்களுக்காக, இந்தியச் சட்டத்தின்படி என்ன செய்யலாம் என்பதை நடக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைச் சட்டம் மாறியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., வந்துவிட்டது. சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகளில் உள்ள 91, 100, 102, 165 போன்ற பிரிவு எண்களை இப்போது எழுதும் மனுவில் அப்படியே போட்டுவிடாதீர்கள். கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் பி.என்.எஸ்.எஸ்.-இன் பிரிவுகள்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். சோதனை முறைகேடாக நடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் இந்திய நீதிமன்றங்கள் சான்றைத் தள்ளிவிடுவதில்லை. பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-ல் வகுத்த இந்த நிலை இன்றும் தொடர்கிறது. "வாரண்ட் இல்லாமல் எடுத்தார்கள், அதனால் வழக்கு நிற்காது" என்று நண்பர்கள் சொல்லும் ஆறுதலை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. சான்று நம்பத்தக்கதா, இடையில் எவராவது கை வைத்திருக்க முடியுமா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். அந்தக் கேள்வியை நீங்கள் பிறகு எழுப்ப முடியுமா என்பது கைப்பற்றிய நாளில் காகிதத்தில் என்ன ஏறியது என்பதைப் பொறுத்தது. அன்று பதிவாகாத விவரத்தைப் பின்னால் நிரூபிப்பது மிகவும் கடினம்.

வாசலில் கேட்க வேண்டியவை

எந்தக் காவல் நிலையம், வந்திருக்கும் அதிகாரியின் பெயரும் பதவியும் என்ன, முதல் தகவல் அறிக்கையின் எண் என்ன, எந்தப் பிரிவின் கீழ் வந்திருக்கிறார்கள் என்ற நான்கையும் அமைதியாகக் கேளுங்கள். பதில்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிவைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. நீதிமன்றம் தரும் சோதனை வாரண்ட் பிரிவு 96-ன் கீழ் வரும். அதை வாங்கி முழுவதும் படியுங்கள். எந்த இடத்தில் எதைத் தேட அனுமதி என்று அதில் இருக்கும். வாரண்ட் வாங்க நேரமில்லை என்று கருதும் புலனாய்வு அதிகாரி பிரிவு 185-ன் கீழ் நேரடியாகவே சோதனை செய்யலாம். ஆனால், எதைத் தேடுகிறார், ஏன் காத்திருக்க முடியாது என்பதை அவர் முன்கூட்டியே எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) போக வேண்டும். வீட்டில் இருப்பவர் மனு கொடுத்தால் அதன் நகலை நடுவர் இலவசமாகத் தர வேண்டும். குற்றத்துடன் தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படும் பொருளைக் கைப்பற்ற பிரிவு 106 அதிகாரம் தருகிறது. அப்படிக் கைப்பற்றியதையும் உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நடைமுறையில் அதிகம் நடப்பது வேறு. தொலைபேசியில் அழைத்து, "லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள்" என்பார்கள். வாய்மொழி அழைப்பின் பேரில் கணினியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சட்டம் சொல்லவில்லை. பிரிவு 94-ன் கீழ் எழுத்து உத்தரவு தரும்படி கேளுங்கள். மின்னணுச் சான்று இருக்கக்கூடிய தொடர்புச் சாதனங்களையும் அந்தப் பிரிவு இப்போது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உத்தரவு மின்னணு வடிவிலும் வரலாம் என்கிறது. ஆகவே கைப்பேசியில் வந்தது என்பதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரை ஆஜராகச் சொல்லும் பிரிவு 35 அறிவிப்பு அப்படியானதல்ல. அதை வாட்ஸ்அப் போன்ற வழியில் அனுப்புவது செல்லாது என்று சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறிவிட்டது.

பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு வரச்சொல்ல முடியாது. அவர்களின் இருப்பிடத்துக்கு அதிகாரிதான் வர வேண்டும். இது பிரிவு 179.

எதை மறுத்தாலும் சொல்லால் மறுங்கள். கதவை மறிப்பதும் கணினியைப் பற்றி இழுப்பதும் தனி வழக்காகிவிடும். "எனக்கு ஆட்சேபம் இருக்கிறது, அதை மகஜரில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். மகஜர் என்பது எடுத்த பொருட்களைச் சாட்சிகள் முன் எழுதும் பட்டியல்.

மகஜர்: ஒவ்வொரு வரியும் உங்களுக்கு முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பிரிவு 103-ன்படி சோதனை நடக்கும்போது அந்தப் பகுதியைச் சேர்ந்த, காவல்துறையைச் சாராத, மதிப்புக்குரிய இருவராவது சாட்சிகளாக இருக்க வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் அல்லது அவர் சார்பில் ஒருவர் உடன் இருக்கலாம். எடுத்த ஒவ்வொரு பொருளையும் அது இருந்த இடத்தையும் பட்டியலிட்டுச் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலின் நகல் குடியிருப்பவருக்குத் தரப்பட வேண்டும். தமிழ்நாட்டில் நாம் மகஜர் என்று சொல்வது இதைத்தான்.

பிரிவு 105 புதிதாக வந்தது. சோதனை தொடங்குவது முதல் பட்டியல் தயாரித்துக் கையெழுத்து வாங்குவது வரை அனைத்தையும் ஒலி, ஒளியுடன் பதிவு செய்ய வேண்டும்; அந்தப் பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். இதற்கென்றே இ-சாக்ஷ்யா என்ற செயலியை அரசு உருவாக்கியிருக்கிறது. "பதிவு செய்கிறீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், கேட்டதையும் வந்த பதிலையும் மகஜரிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்கள் கையெழுத்துக்கு மேலே நீங்களே எழுதுங்கள்.

"கறுப்பு நிற லேப்டாப் 1" என்று எழுதிய மகஜர் உங்களுக்குப் பாதுகாப்பே தராது. அந்த வர்ணனைக்குப் பொருந்தும் கணினிகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. கீழே உள்ளது போல இருக்க வேண்டும்:

"லெனோவோ மடிக்கணினி, கறுப்பு நிறம், மாடல் எண் இன்னது, தொடர் எண் இன்னது. உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி. படுக்கையறை மேசை மீது, அணைக்கப்பட்ட நிலையில் இருந்தது. காலை 7.40 மணிக்குக் கைப்பற்றப்பட்டது. இந்த இடத்தில் இயக்கிப் பார்க்கப்படவில்லை. துணி உறையில் இட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. முத்திரைச் சீட்டில் சாட்சிகளும் உரிமையாளரும் கையெழுத்திட்டனர்."

பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் பிரிவு 63 மின்னணுச் சான்றுக்குக் கட்டாயச் சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதன் படிவம் சட்டத்தின் இணைப்பிலேயே இருக்கிறது. சாதனத்தின் தயாரிப்பு, மாடல், நிறம், தொடர் எண், ஐஎம்இஐ அல்லது மேக் முகவரி (சாதனத்தைத் தனியே அடையாளம் காட்டும் எண்கள்), ஹாஷ் மதிப்பு (தரவு மாறவில்லை என்று காட்டும் சரம்; கீழே விளக்குகிறேன்) ஆகியவற்றை அந்தப் படிவமே கேட்கிறது. நீதிமன்றத்தில் எப்படியும் தர வேண்டிய விவரங்களைக் கைப்பற்றும் இடத்திலேயே எழுதுங்கள் என்று கேட்பதில் அதிகாரியை அவமதிப்பது எதுவும் இல்லை. இந்த வாதத்தைப் பணிவாக எடுத்துச் சொன்னால் பல அதிகாரிகள் ஏற்பார்கள்.

பென் டிரைவ், வெளிவன்தட்டு, மெமரி கார்டு, பழைய கைப்பேசி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி எழுதச் சொல்லுங்கள். "சில பென் டிரைவ்கள்" என்ற சொற்றொடரை விட்டுவைக்காதீர்கள். இரண்டு எடுத்தார்களா மூன்றா என்ற கேள்வி பின்னால் பெரும் வழக்காகிவிடும்.

கையெழுத்து விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். "நானே முன்வந்து ஒப்படைத்தேன்" என்ற வரி இருந்தால், "காவல் அதிகாரி கேட்டதன் பேரில்" என்று திருத்தக் கோருங்கள். விசாரணையில் நீங்கள் சொன்னவற்றை அதிகாரி எழுதினால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பிரிவு 181 தெளிவாகச் சொல்கிறது. மகஜரையும் வாக்குமூலத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இயங்கிக்கொண்டிருந்தால், அணைந்திருந்தால்

கணினியை இயக்கியவுடனேயே இயங்குதளம் ஏராளமான கோப்புகளின் நேரக் குறிப்புகளை மாற்றிவிடுகிறது. நீங்கள் தொடாத நேரத்தில் உங்கள் கணினி பயன்பட்டதாக அந்தத் தடயங்கள் காட்டும். எனவே அணைந்திருக்கும் கணினியை "சும்மா ஒரு பார்வை" பார்க்க இயக்குவதற்கு ஆட்சேபம் தெரிவியுங்கள். அதையும் மீறி இயக்கினால் எத்தனை மணிக்கு இயக்கினார்கள், என்ன திறந்தார்கள், எப்போது அணைத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் கணினி வேறு விஷயம். நினைவகத்தில் உள்ள தரவு அணைத்தவுடன் அழிந்துவிடும். வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மறுபடி திறப்பதும் கடினம். ஆகவே நிபுணர் ஒருவர் அதை அணைக்காமல் நினைவகத்தைப் படியெடுக்க விரும்புவது நியாயமானதே. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று பிரிவு 176 சொல்கிறது. அப்படிப்பட்ட வழக்கு என்றால் நிபுணர் வந்தாரா என்று குறித்துவையுங்கள்.

கடவுச்சொல்லைக் கேட்டால்

இதில் நீதிமன்றங்களின் கருத்து ஒன்றுபடவில்லை. இரு பக்கத்தையும் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

அரசியலமைப்பின் உறுப்பு 20(3), குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1961-ல் காத்தி காலு ஓகட் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் இந்தப் பாதுகாப்புக்குள் வராது என்றது. 2010-ல் செல்வி வழக்கில், விருப்பத்துக்கு மாறாக உண்மை கண்டறியும் சோதனை நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏனெனில் அது மனத்தில் உள்ள அறிவை வெளியே இழுப்பது. கடவுச்சொல் எந்தப் பக்கம் சேரும்?

கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் வீரேந்திர கன்னா வழக்கில், கடவுச்சொல்லைத் தருவது மட்டுமே தனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்றது. டெல்லியில் உள்ள சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2022-ல் அதற்கு மாறாக, குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று முடிவெடுத்தது. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஒரு ஜாமீன் வழக்கில் அதே கருத்தைச் சொன்னது. என் பார்வையில் டெல்லியின் நிலைதான் செல்வி தீர்ப்போடு பொருந்துகிறது. கடவுச்சொல் விரலில் இல்லை, மனத்தில் இருக்கிறது. விரல்ரேகையால் அல்லது முகத்தால் திறக்கும் சாதனத்துக்கு இந்த வாதம் வலுவிழக்கும். 1961 தீர்ப்பைக் காவல்துறை அங்கே எடுத்துக்காட்டும்.

ஆகவே சோதனை நடக்கும் இடத்தில் நீங்கள் சொல்லக்கூடியது இது: "வழக்கறிஞரிடம் கலந்துகொண்டு எழுத்தில் பதில் தருகிறேன். உறுப்பு 20(3) தரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை." பொய்யான கடவுச்சொல்லைத் தராதீர்கள். மறந்துவிட்டதாகப் பொய் சொல்லாதீர்கள். தர முடிவெடுத்தால், அதிகாரி கேட்டதன் பேரில் தந்ததாகத் தேதியுடன் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கைது செய்யப்பட்டவர் விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்கலாம் என்று பிரிவு 38 சொல்கிறது. வழக்கறிஞர் விசாரணை முழுவதும் உடன் இருக்க முடியாது. சந்திப்பை மறுக்கவும் முடியாது.

"ஐடி சட்டம் 69, ஏழு வருடம்" என்று மிரட்டுவதும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69-ன் கீழ் குறியாக்கத்தைத் திறக்க உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு என்பது உண்மை. ஆனால் அதற்கு உள்துறைச் செயலாளர் நிலையில் எழுத்து உத்தரவு வேண்டும். அவசர நிலையில் மட்டும் வேறு உயரதிகாரி உத்தரவிட்டுப் பிறகு ஒப்புதல் பெறலாம். நிலைய ஆய்வாளர் தன் விருப்பில் பயன்படுத்தும் அதிகாரம் அல்ல அது. உத்தரவைக் காட்டும்படி கேளுங்கள்.

நீங்கள் சாட்சி மட்டும்தான் என்றாலும், உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 180 அந்த விலக்கைத் தருகிறது.

அன்றே செய்ய வேண்டியவை

அதிகாரிகள் போனவுடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் எந்த அறைக்குப் போனார்கள், கணினி உறையில் போடப்பட்டதா, சாட்சிகள் அக்கம்பக்கத்தவரா அல்லது காவலர்கள் உடன் அழைத்து வந்தவர்களா என்று எழுதுங்கள். அதை அன்றே வழக்கறிஞருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி உறுதியாகிவிடும்.

எதையும் அழிக்காதீர்கள். வேறொரு கணினியிலிருந்து மேகச் சேமிப்பில் நுழைந்து கோப்புகளை நீக்குவது, தொலைவிலிருந்தே கைப்பேசியைத் துடைப்பது போன்றவை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 238, 241 ஆகியவற்றின் கீழ் சான்றை அழித்த குற்றமாகலாம். குற்றமற்ற ஒருவர் பதற்றத்தில் செய்யும் இந்த ஒரு செயல் அவரைக் குற்றவாளியாகக் காட்டிவிடும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவதும், அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும், மாற்று சிம் வாங்குவதும் வேறு; அவற்றையும் வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

நடுவர் நீதிமன்றத்தில்

சில நாட்களுக்குள் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள். முதல் தகவல் அறிக்கை, கைப்பற்றியது குறித்த அறிக்கை, வாரண்ட் இல்லாச் சோதனை என்றால் பிரிவு 185 பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் கைப்பற்றிய பொருட்கள் படிவம் 95-ன் வழியாக நீதிமன்றத்துக்குப் போகும். அதில் உள்ள தேதியை மகஜர் தேதியோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே மூன்று வாரம் இருந்தால், அந்த மூன்று வாரம் கணினி எங்கே, எவர் பொறுப்பில் இருந்தது என்ற கேள்வி பிறக்கிறது. குற்றப்பத்திரிகையில் மின்னணுச் சாதனம் கை மாறிய வரிசையைக் குறிப்பிட வேண்டும் என்று பிரிவு 193 இப்போது வெளிப்படையாகவே கேட்கிறது. வழக்கறிஞர்களே பலர் இன்னும் கவனிக்காத பிரிவு இது.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது

சென்னை மயிலாப்பூரில் தலைமையகம் கொண்ட தமிழ்நாடு தடய அறிவியல் துறையிலோ அதன் வட்டார ஆய்வகங்களிலோ சைபர் பிரிவு ஆய்வாளர் முதலில் உறையின் முத்திரையைப் பார்ப்பார். பிறகு வன்தட்டை ரைட் பிளாக்கர் என்ற கருவி வழியாக இணைப்பார். அது தரவைப் படிக்க விடும், எழுத விடாது. அடுத்து வன்தட்டு முழுவதையும் துளி விடாமல் படியெடுப்பார். அழித்த கோப்புகளின் எச்சங்களும் அந்தப் படியில் வந்துவிடும். அந்தப் படியைத்தான் ஆராய வேண்டும். அசல் உறைக்குத் திரும்ப வேண்டும்.

படியும் அசலும் ஒன்றே என்று காட்டுவது ஹாஷ் மதிப்பு. முழு வன்தட்டின் உள்ளடக்கத்தையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் செலுத்தினால் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்-எழுத்துச் சரம் கிடைக்கும். எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 குறிகள் கொண்டது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் சரம் முற்றிலும் மாறிவிடும். எனவே கைப்பற்றிய நாளிலேயே இந்த மதிப்பை எடுத்து உங்களுக்கும் கொடுத்துவிட்டால், பின்னர் எவராவது எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ அது மதிப்பில் தெரிந்துவிடும். மதிப்பு பல வாரங்கள் கழித்து ஆய்வகத்தில் முதன்முறையாக எடுக்கப்பட்டால், ஆய்வகத்துக்கு வந்த பிறகு மாறவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்கு முந்தைய வாரங்களுக்கு முத்திரையும் மகஜருமே சாட்சி. அதனால்தான் முத்திரைச் சீட்டில் உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்று மேலே வற்புறுத்தினேன்.

ஒரு நுட்பம். எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகம், மின்சாரம் கிடைத்தாலே பின்னணியில் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அழித்த பகுதிகள் இதனால் மாறலாம். கைப்பேசியில் எடுக்கப்படும் படியும் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். ஹாஷ் பொருந்தவில்லை என்ற ஒன்றை வைத்தே சதி என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கோப்பு, எந்தப் பகுதி மாறியது என்பதை ஆராய்ந்த பிறகே பேச வேண்டும்.

ஆய்வின்போது உடனிருக்கும் உரிமையைச் சட்டம் நேரடியாகத் தரவில்லை. ஆனால் நடுவரிடம் மனு போட்டுக் கேட்கலாம்: உறை என் முன்னிலையில் பிரிக்கப்பட வேண்டும், படியெடுக்கும்போதே ஹாஷ் மதிப்பு எனக்குத் தரப்பட வேண்டும், வழக்கின் காலத்துக்கும் பொருளுக்கும் உட்பட்டே தேட வேண்டும், தொடர்பற்ற தனிப்பட்ட தரவு வெளியே போகக் கூடாது என்று கேளுங்கள். 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தார்கள். அரசின் தலையீடு தேவைக்கு மிஞ்சக் கூடாது என்ற அந்தத் தீர்ப்பின் அளவுகோலை இங்கே எடுத்துவைக்கலாம். புலனாய்வின்போது கிடைத்த தனிப்பட்ட தரவை நீதிமன்ற அனுமதியின்றி மூன்றாம் நபருக்குத் தரக் கூடாது என்று மேலே சொன்ன கர்நாடகத் தீர்ப்பே கூறுகிறது. கடவுச்சொல் விஷயத்தில் நமக்கு உதவாத தீர்ப்பு இதில் உதவுகிறது.

பத்திரிகையாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கூடுதல் பிடிமானம் இருக்கிறது. 2023 நவம்பரில் ஊடகவியலாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், சாதனங்களைக் கைப்பற்றுவதற்கு வழிகாட்டு நெறிகள் தேவை என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் சிறப்புப் புலனாய்வுக் குழு பத்திரிகையாளர்களிடம் எடுத்த கைப்பேசிகளைத் திருப்பித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் உத்தரவிட்டது. வழக்கறிஞரின் சாதனம் என்றால் அதை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்கச் செய்ய வேண்டும், அவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும், மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. இந்தப் பாதுகாப்பு சாதாரண மனிதருக்கும் வர வேண்டும். ஆசிரியரின், கடைக்காரரின், மாணவியின் கணினியிலும் அதே அளவு வாழ்க்கை இருக்கிறது.

திரும்பப் பெற

பிரிவு 497 அல்லது 503-ன் கீழ் நடுவரிடம் மனு போட வேண்டும். மகஜர் நகல், கணினி வாங்கிய ரசீது, அடையாள அட்டை, தொழிலுக்கோ படிப்புக்கோ அது ஏன் தேவை என்ற விளக்கம் ஆகியவற்றை இணையுங்கள். கைப்பற்றிய பொருட்களைக் காவல் நிலையத்தில் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

"ஆய்வக அறிக்கை இன்னும் வரவில்லை" என்பது அரசுத் தரப்பின் வழக்கமான பதில். அதை எதிர்பார்த்து, மனுவிலேயே கோரிக்கைகளைப் படிப்படியாக வையுங்கள். முதலில் கணினியைக் கேளுங்கள். இயலாவிட்டால், படியெடுத்து முடிக்க ஆய்வகத்துக்குக் காலக்கெடு விதிக்கக் கேளுங்கள். அதுவும் இயலாவிட்டால், பட்டியலிட்ட சில கோப்புகளின் நகலையாவது கேளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய மாணவருக்கும் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய வணிகருக்கும் மூன்றாவது கோரிக்கையே பெரும்பாலும் உயிர்காக்கும். நடுவர் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

கணினி திரும்பக் கிடைக்கும்போது, விற்கக் கூடாது, அழைத்தால் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். வழக்கு முடியும் வரை அதை ஃபார்மட் செய்யாதீர்கள். முடிந்தால் புதிய வன்தட்டு மாட்டிக்கொண்டு, பழையதைக் கழற்றி உறையிட்டு வையுங்கள்.

குற்றப்பத்திரிகை வந்த பிறகு

நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், நீங்கள் ஆஜரான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அறிக்கையும் ஆவணங்களும் இலவசமாகத் தரப்பட வேண்டும். இது பிரிவு 230. ஆவணம் என்பதில் வன்தட்டின் உள்ளடக்கமும் அடங்கும். 2019 நவம்பரில் நடிகர் திலீப் தொடுத்த வழக்கில், மெமரி கார்டில் உள்ளது ஆவணமே, அதன் படியைப் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்ட பெண்ணின் தனியுரிமை சம்பந்தப்பட்டதால் அந்த வழக்கில் பார்வையிட மட்டும் அனுமதித்தது. மற்ற வழக்குகளில் முழுப் படியையும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அந்தப் படி எவ்வளவு முக்கியம் என்பதை, மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் செயற்பாட்டாளர்கள் பலர் கைதான பீமா கோரேகாவ் வழக்கு காட்டியது. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமியின் கணினி 2019 ஜூனில் ராஞ்சியில் கைப்பற்றப்பட்டது. 2021 ஜூலை 5-ல், விசாரணைக் கைதியாகவே அவர் இறந்தார். அவர் இறந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு, 2022 டிசம்பரில், அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்காகப் படியை ஆராய்ந்து, ஊடுருவி ஒருவர் அந்தக் கணினியில் ஆவணங்களைப் புகுத்தியிருந்ததாக அறிக்கை தந்தது. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட செயற்பாட்டாளர் ரோனா வில்சனின் மடிக்கணினியில் நெட்வயர் என்ற ஊடுருவு மென்பொருள் வழியாக அவ்வாறே நடந்ததாக 2021-ல் அது கூறியிருந்தது. தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. எவர் சொல்வது சரி என்பதைச் சோதிக்கவாவது படி கையில் இருந்தாக வேண்டும்.

படி கிடைத்ததும் அதன் ஹாஷ் மதிப்பை அறிக்கையில் உள்ளதுடன் முதலில் ஒப்பிடுங்கள். பிறகு தனியார் தடயவியல் நிபுணர் ஒருவரிடம் கொடுங்கள். அரசு ஆய்வாளரின் அறிக்கை, அவர் நேரில் வராமலேயே சான்றாக ஏற்கப்படலாம். அதனால் அவரை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யப் பிரிவு 329-ன் கீழ் மனு போடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: உறை வந்தபோது முத்திரை எப்படி இருந்தது, அதிலிருந்த கையெழுத்துகள் எவருடையவை, ரைட் பிளாக்கர் பயன்படுத்தினாரா, கைப்பற்றிய நேரத்துக்குப் பிந்தைய தேதியுடன் கோப்புகள் உள்ளனவா, ஊடுருவு மென்பொருள் இருக்கிறதா என்று தேடினாரா, அல்லது காவல்துறை கேட்ட சொற்களை மட்டும் தேடினாரா, குறிப்பிட்ட கோப்பைக் கணினியின் உரிமையாளர் ஒரு முறையாவது திறந்ததற்குத் தடயம் உண்டா?